ருவைதாவிடம் சாவி கேட்டு வந்தவர்கள்

எங்கள் மருந்துக் கம்பெனியில் ரொம்ப காலமாக ஒரே ஒரு உழைப்பாளிதான் இருந்தார். பெயர் அட்மின். கணினியில் எந்தப் பதிவைப் புரட்டினாலும் அவர் பெயர்தான் இருக்கும். மருந்து விலையைத் திருத்தியவர் அட்மின். அதே நிமிடத்தில் கிடங்கில் இருப்பைக் குறைத்தவரும் அட்மின். வெள்ளிக்கிழமை மதியம் ஊரே தொழுகையில் நிற்கும்போது சம்பளக் கணக்கைத் திறந்து பார்த்தவரும் அவரேதான். இப்படி ஒரு ஆள் நிஜமாகவே இருந்திருந்தால் இர்பித் நகரத்தில் பாதிப் பேருக்கு வேலை போயிருக்கும்.

விஷயம் வேறொன்றுமில்லை. நாங்கள் நாற்பது பேரும் ஒரே பாஸ்வேர்டைத்தான் போட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தோம். புதிதாக ஒருவன் வேலைக்கு வந்தால் முதலில் டீ கொடுப்போம், அப்புறம் பாஸ்வேர்டு கொடுப்போம். கேட்டவனுக்கு இல்லை என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு நாக்கு வராது. "நமக்குள்ள என்னய்யா பூட்டு?" என்பார்கள். ஒளித்து வைத்தால் அவனை நம்பவில்லை என்று அர்த்தம். நம்பவில்லை என்றால் அது பெரிய அவமானம். குடும்பம் குடும்பமாகப் பேச்சு நின்றுபோகிற அளவுக்கு அவமானம்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் ருவைதா வந்து சேர்ந்தாள். எங்கள் எதிர்வீட்டு அபூ ஃபவ்வாஸின் கடைசி மகள். அபூ ஃபவ்வாஸ் அம்மான் பஸ்ஸை ஆயுள் முழுக்க ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். மகளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை என்று தெருவே அவருக்காகக் கவலைப்பட்டது. அவள் மட்டும் கவலைப்படவில்லை. ஒரு கையில் ஃபலாஃபில் ரொட்டி, இன்னொரு கையால் தட்டச்சு, வாய் நிறையச் சிரிப்பு. அவள் சிரித்தால் மாடியில் சர்வர் அறையிலிருந்து கீழே என் கிடங்கு வரைக்கும் கேட்கும். கிடங்குப் பொறுப்பாளனான எனக்கு அதுதான் காலை மணி. இன்னொரு பழக்கமும் உண்டு. காரைப் பூட்டிவிட்டு நாலு அடி நடந்து, திரும்பி வந்து கதவை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். "பூட்டினேன்னு எனக்குத் தெரியும் மாமா. பூட்டுக்குத் தெரியுமான்னு பாக்கறேன்" என்பாள்.

அவள் வந்த வருஷம் ஒரு சம்பவம் நடந்தது. எங்கள் குளிர் அறையில்தான் வடக்கு மாவட்டம் முழுவதற்குமான இன்சுலின் இருக்கிறது. எட்டு டிகிரியைத் தாண்டினால் அலாரம் அடிக்கும். ஒரு நாள் முக்கியமான கால்பந்து ஆட்டம். அலாரம் சும்மா சும்மா கத்தித் தொல்லை பண்ணுகிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் உள்ளே போய் எட்டைப் பதினெட்டாக்கிவிட்டுப் போய் ஆட்டம் பார்த்தான். மறுநாள் ருவைதா தற்செயலாகக் கவனித்ததால் இன்சுலின் தப்பியது. யார் செய்தது என்று பதிவைப் பார்த்தார்கள். அட்மின் என்று இருந்தது. நாங்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, ஆனால் அவன் என் மச்சான் என்பதால் இங்கே எழுதப் போவதில்லை.

முதலாளியான டாக்டர், ருவைதாவைக் கூப்பிட்டு, "வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க வசந்த காலத்துல சோதனைக்கு வர்றாங்க. யார் எதைத் தொட்டாங்கன்னு காட்ட முடியலேன்னா இன்சுலினை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. என்ன வேணா பண்ணு" என்றார். சொல்லிவிட்டு வழக்கம்போல அடுத்த விமானத்தில் துபாய் போய்விட்டார்.

அவள் என்ன செய்தாள் என்பதை என் மேஜைக்கே வந்து விளக்கினாள்.

"மாமா, நீங்க சர்வருக்குள்ள போகணும்னா எதுக்குன்னு எழுதணும். எவ்ளோ நேரம்னு எழுதணும். இன்னொருத்தர் பார்த்து சரின்னா கதவு திறக்கும். பாஸ்வேர்டை நீங்க பார்க்கவே மாட்டீங்க. அது கம்ப்யூட்டர்லயே ஒரு பெட்டகத்துக்குள்ள இருந்துகிட்டே உங்களை உள்ள விடும். நீங்க உள்ள என்ன பண்ணாலும் வீடியோவா பதிவாகும். நேரம் முடிஞ்சா கதவு தானா சாத்திக்கும், பாஸ்வேர்டும் தானா மாறிக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான். என்னைப் பார்த்தா திருடன் மாதிரி இருக்கா?"

"இல்ல மாமா. நாளைக்கு எவனாவது உங்களைத் திருடன்னு சொன்னா, இல்லைன்னு சொல்ல ஒரு சாட்சி வேணாமா?"

சரி, போ என்று விட்டுவிட்டேன்.

எல்லோரும் என்னைப்போல விட்டுவிடவில்லை. கணக்குப் பிரிவின் தலைவர் அபூ ஸக்ர் விடவே இல்லை. கம்பெனிக்கு முதல் கணினி வந்த அன்று அதன் பெட்டியைப் பிரித்தவர் அவர். அன்றிலிருந்து சர்வர் என்றால் அவர் வீட்டு வரவேற்பறை மாதிரி. பெட்டகம் வேலை செய்யத் தொடங்கிய காலை, தன் குமாஸ்தாக்கள் சூழ்ந்து நிற்க, வழக்கமான பாஸ்வேர்டைத் தட்டினார். அனுமதி இல்லை என்று சிவப்பில் வந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினார். மறுபடியும் அதேதான். ஒரு குமாஸ்தா இருமினான். அபூ ஸக்ர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போனார். அடுத்த நாள் முதல் ருவைதா ஸலாம் சொன்னால் சுவருக்குப் பதில் சொல்வார்.

வேலைக்கு அவருக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை அவள். கணக்குப் பிரிவுக்கு வேண்டியதெல்லாம் அவரவர் பெயரில் திறந்தே இருந்தது. அவருக்கு வேண்டியது அதுவல்ல. ஒரு வியாழக்கிழமை என் கிடங்குக்கு வந்து, அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"நாளைக்கு அஸர் தொழுகைக்கு அப்புறம் தயாரா இரு. ஜாஹா போறோம்."

"மாஷா அல்லாஹ்! யார் வீட்டுக்குப் பொண்ணு கேக்க?"

"அபூ ஃபவ்வாஸ் வீட்டுக்கு. பொண்ணு இல்ல. பாஸ்வேர்டு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அபூ ஸக்ர், பாஸ்வேர்டு கேட்டு உலகத்துல எவனாவது ஜாஹா போயிருக்கானா?"

"கொலை விழுந்த வீட்டுக்கே ஜாஹா போய் மன்னிப்பு வாங்கிட்டு வந்திருக்கோம். ஒரு பாஸ்வேர்டுக்குப் போகக்கூடாதா? ஹாஜி முஃபத்தி தலைமை தாங்கறேன்னு சொல்லிட்டார்."

ஹாஜி முஃபத்தி என்றால் சாதாரண ஆளா? நாற்பது வருஷமாக ஜாஹா போய் ஒருமுறைகூட வெறுங்கையோடு திரும்பாத மனிதர். ஜாஹா என்றால், பெரியவர்கள் கூட்டமாக ஒரு வீட்டுக்கு வேண்டுகோளோடு வந்து உட்காருவார்கள். வீட்டுக்காரர் கொடுக்கும் கசப்புக் காப்பியைக் குடிக்காமல் முன்னால் வைத்துவிடுவார் தலைவர். வீட்டுக்காரர் 'காப்பியைக் குடிங்க' என்றால் கேட்டதைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம், அப்போதுதான் குடிப்பார்கள். குடிக்காமல் எழுந்து போனார்கள் என்றால் அந்த வீட்டுக்காரர் அப்புறம் தெருவில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார்? அபூ ஃபவ்வாஸுக்கு இந்த உலகத்தில் சொத்து என்றிருந்தது அந்தத் தலை நிமிர்வு ஒன்றுதான். ருவைதா சாவியைக் கொடுத்தால் அவளுடைய ஒரு வருஷ உழைப்பும் இன்சுலினும் போகும். கொடுக்காவிட்டால் அப்பாவின் மானம் போகும். இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள். இதில் நான் எதிரணியில் நாற்காலி போட்டு உட்காரவேண்டுமாம்.

வீட்டில் என் மனைவியிடம் வாயே திறக்கவில்லை. அவளிடம் சொல்வதும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய வினையாகிப் போனது. மறுநாள் ஐந்து கார்கள் தெருவில் வந்து நின்று, கோட்டும் சிவப்புக் கட்டம்போட்ட தலைத்துணியுமாகப் பெரியவர்கள் இறங்குவதைப் பார்த்தாளோ இல்லையோ, மாடி முகப்பில் நின்று குலவையிட்டாள் பாருங்கள், மூன்று தெருவுக்குக் கேட்டது. "ருவைதாவுக்கு வரன் வந்தாச்சு!" அடுத்த வீட்டுக்காரி பதில் குலவை போட்டாள். அதற்கடுத்த வீட்டுக்காரி பேரீச்சம்பழத் தட்டோடு படியிறங்கி ஓடி வந்தாள்.

அபூ ஃபவ்வாஸும் அதே நினைப்பில்தான் இருந்தார். பெரியவர்களோடு ஒரு வேண்டுகோளாக வருகிறோம் என்று மட்டும் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். மனிதர் முகம் மழித்து, பழைய கோட்டை இஸ்திரி போட்டு, ஒரு பெரிய தட்டு குனாஃபா இனிப்பு வாங்கி வைத்திருந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கடைசி நாற்காலியில் போய் ஒடுங்கிக்கொண்டேன்.

காப்பி வந்தது. ஹாஜி முஃபத்தி கிண்ணத்தை வாங்கித் தன் முன்னால் தரையில் வைத்தார். அல்லாஹ்வைப் புகழ்ந்தார், நபியின் மேல் ஸலவாத்துச் சொன்னார், அபூ ஃபவ்வாஸின் குலத்தை ஏழு தலைமுறைக்குப் புகழ்ந்தார்.

"அபூ ஃபவ்வாஸ், உங்க வீட்டுல ஒரு பொக்கிஷம் இருக்கு. அதைக் கேட்டுத்தான் வந்திருக்கோம்."

அபூ ஃபவ்வாஸின் கண்ணில் தண்ணீர் கட்டியது. பழக்க தோஷத்தில், "காப்பியைக் குடிங்க ஹாஜி, நீங்க வந்த காரியம்..." என்று தொடங்கினார். அவ்வளவுதான், உள் அறையில் ஒரு தட்டு தடாலென்று கீழே விழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ருவைதா கதவில் நின்றாள், கண் அபூ ஸக்ர் மேல் இருந்தது.

"அப்பா, பொறுங்க. என்ன கேக்கறாங்கன்னு முதல்ல கேளுங்க."

"என்னம்மா கேப்பாங்க? உன்னைத்தான்..."

"என்னை இல்லப்பா. சர்வர் பாஸ்வேர்டை."

அபூ ஃபவ்வாஸ் அவளைப் பார்த்தார், ஹாஜியைப் பார்த்தார், குனாஃபாவைப் பார்த்தார். "பாஸ்வேர்டா? அதுக்கா நான் இவ்ளோ பெரிய தட்டு வாங்கினேன்?" என்றார். ஜாஹாவில் பாதிப் பேர் தலைத்துணியால் வாயை மூடிக்கொண்டார்கள். ஹாஜி மட்டும் மீசைகூட அசையாமல் இருந்தார். கிண்ணம் தரையிலேயே இருந்தது.

ருவைதா வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. அவளுக்கு பயம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஹாஜி, நீங்க என் வீட்டுக்கு வந்தது எங்களுக்குப் பெருமை. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். சித்தப்பா அபூ ஸக்ருக்கு எந்த வேலை அந்தப் பாஸ்வேர்டு இல்லாம நின்னு போச்சு?"

எல்லோரும் அபூ ஸக்ரைப் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமினார். ஏதோ அறிக்கை என்றார். அது திறந்துதான் இருக்கிறது என்றாள் அவள். ஏதோ திருத்தம் என்றார். அதுவும் அவர் பெயரில் இருக்கிறது என்றாள். மனிதர் கையிலிருந்த தஸ்பீஹ் மணிகளை உருட்டினார். பிறகு தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"வேலை ஒண்ணும் நிக்கல. அந்தப் பழைய பாஸ்வேர்டு என்னன்னு உனக்குத் தெரியும்ல? என் மகன் பேரு ஸக்ர், கூட அவன் பொறந்த வருஷம். முதல் கம்ப்யூட்டர் வந்தன்னிக்கு நான் வச்சது. பையன் கனடா போய் அஞ்சு வருஷம் ஆச்சு. பெருநாளைக்குப் பெருநாள் பேசறான். ஆனா தினமும் காலைல நாப்பது பேர் அவன் பேரைத் தட்டிட்டுத்தான் வேலை ஆரம்பிச்சாங்க. அதை நினைச்சுட்டே நான் ஆபீஸ் வருவேன். இப்ப அவன் பேரைத் தட்டினா அனுமதி இல்லைன்னு வருது. சிவப்புல வருது."

அத்தனை வருஷமும் அந்த எழுத்துகளை நானும் தட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட அந்தப் பையனை நினைத்ததில்லை.

அபூ ஃபவ்வாஸ் மகளின் காதில், "கொடுத்துடும்மா, பாவம்" என்றார். அது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. நானாக இருந்தால் அந்த நிமிடமே கொடுத்திருப்பேன். இன்சுலினாவது ஒன்றாவது என்று எழுந்து போய் எல்லாக் கதவையும் திறந்து விட்டிருப்பேன். அதனால்தான் அந்த வேலையை என்னிடம் யாரும் தரவில்லை போலிருக்கிறது.

ருவைதா கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பிக் கூஜாவை எடுத்தாள். தனக்கு ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டாள். அதைக் குடிக்காமல், அபூ ஸக்ருக்கு நேராகத் தரையில் வைத்தாள்.

ஹாஜி முஃபத்தியின் மீசை முதல்முறையாக அசைந்தது. "என்னம்மா பண்றே?"

"எனக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கு ஹாஜி. சித்தப்பாகிட்ட."

"ஜாஹாகிட்டயே ஜாஹாவா!"

"சித்தப்பா, நம்ம கம்பெனில எல்லாரும் என்கிட்ட அனுமதி கேக்கறாங்க. நான் உள்ள போகணும்னா யார்கிட்ட கேக்கறேன் தெரியுமா? என்கிட்டயே. நானே கேட்டு நானே சரின்னு சொல்லிக்கறேன். டாக்டர் எப்பவும் விமானத்துல இருக்கார். சோதனைக்கு வர்றவங்க முதல்ல இதைத்தான் புடிப்பாங்க. என்னைத் தடுக்க ஒரு ஆள் வேணும். கம்ப்யூட்டர் பிரிவு ஆளா இருக்கக்கூடாது. எனக்கு பயப்படக்கூடாது. என் சிரிப்புக்கு மயங்கக்கூடாது. நீங்க ரெண்டு மாசமா எனக்கு ஸலாமே சொல்லல, உங்களை விட்டா யார் இருக்கா?"

அபூ ஸக்ர் தலை நிமிர்ந்தார்.

"சாவியை உங்களுக்குத் தர மாட்டேன். யாருக்கும் தர மாட்டேன். ஆனா நாளைலேர்ந்து நீங்க சரின்னு சொல்லாம அந்தச் சாவி எனக்கும் கிடைக்காது. பாஸ்வேர்டுல இருந்தப்ப உங்க புள்ள பேரு வெறும் புள்ளி புள்ளியாத்தானே தெரிஞ்சுது? யார் பார்த்தா? இனிமே ஒவ்வொரு பதிவுலயும், அனுமதிச்சவர் அபூ ஸக்ர்னு எழுத்தாவே நிக்கும். ஊரே உங்களைக் கூப்பிடற பேரு. ஸக்ரோட அப்பான்னு."

அபூ ஸக்ர் அவள் வைத்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண், மகள் வயதுக்காரி, தன் முன்னால் காப்பியை வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறாள். இல்லை என்று எப்படிச் சொல்வார்?

"காப்பியைக் குடிம்மா" என்றார். "ஆறிடும்."

அவள் குடித்தாள். அவர் குடித்தார். ஹாஜி முஃபத்தி தன் கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்காகக் குடித்துவிட்டு அலுத்துக்கொண்டார்: "நாப்பது வருஷமா வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன். இன்னிக்குத்தான் கொடுத்துட்டுப் போறேன்." அந்த நேரம் பார்த்து என் மனைவி பொறுமை இழந்து தெருவிலிருந்து இன்னொரு குலவை போட்டாள். "மாப்பிள்ளை யாராம்?" என்று கேட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். அபூ ஃபவ்வாஸ் எழுந்து நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "கணக்குப் பிரிவு!" என்றார். குனாஃபாவில் ஒரு துண்டு மிஞ்சவில்லை.

திங்கட்கிழமை காலை மாடியிலிருந்து அந்தச் சிரிப்பு கேட்டது. அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என்னவென்று ஓடிப்போய்ப் பார்த்தேன். ருவைதா உள்ளே போக அனுப்பிய முதல் கோரிக்கையை அபூ ஸக்ர் நிராகரித்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் தட்டித் தட்டி, காரணமும் எழுதியிருந்தார். அவள் மறுபடி விளக்கமாக எழுதிக் கேட்ட பிறகுதான் கதவு திறந்தது. போதாததற்கு மதியம் நேரில் வந்து, முப்பது நிமிஷம் கேட்டவள் எதற்கு நாற்பது நிமிஷம் எடுத்தாய் என்று விசாரித்துவிட்டுப் போனார். போகும்போது ஸலாமும் சொன்னார்.

வசந்த காலத்தில் சோதனைக்காரர்கள் வந்தார்கள். தலைமை தாங்கி வந்த டேனிஷ் அம்மாள் லேசில் சிரிக்கிற ரகம் இல்லை. இரண்டு நாள் குடைந்தார். கடைசியில் ருவைதாவைப் பார்த்து, "எல்லாருக்கும் நீங்க தடை போடறீங்க, சரி. உங்களை யாராவது எப்பவாவது தடுத்திருக்காங்களா? ஒண்ணு காட்டுங்க போதும்" என்றார்.

ருவைதா திரையைத் திருப்பிக் காட்டினாள். கேட்டவர் ருவைதா. மறுத்தவர் அபூ ஸக்ர். கீழே அரபியில் ஒரு வரி. அபூ ஸக்ர் புதுக் கோட்டில், கல்யாண மாப்பிள்ளை போலப் பின்னால் விறைத்து நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார்.

மொழிபெயர்ப்பாளர் படித்தார்: "காரணம் போதவில்லை. இன்னும் சரியாக எழுதிக் கேள், மகளே."

டேனிஷ் அம்மாள் பேனாவை நிறுத்தினார். "மகளா? இவர் உங்க அப்பாவா?"

ருவைதா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அபூ ஸக்ர் முந்திக்கொண்டார்.

"இல்ல. ஆனா எங்கே போனாலும் என்கிட்ட கேட்டுட்டுத்தான் போவா."